சவுக்காரத் தண்ணீர்

தங்கம் என்ற சொல் விழுந்தால் போதும், எங்கள் ஆட்களுக்கு மற்ற எல்லாச் சொற்களும் காதில் விழாமல் போய்விடும். கேலிக்காகச் சொல்லவில்லை, பட்ட பிறகுதான் சொல்கிறேன். ரொறன்ரோ நகரத்தின் நடுவில், ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் எனக்கு வேலை. அங்கே நான் என்ன செய்கிறேன் என்று பல வருடங்களாக எவரும் கேட்டதில்லை. கேட்ட ஒரு சிலரும் "லேப்பிலயோ? ரத்தம் எடுக்கிறனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தங்கள் கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று சொல்லத் தொடங்குவார்கள். பிறகு ஒரு நாள் என் வேலையில் தங்கம் இருக்கும் செய்தி வெளியே போனது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில், கடையில் நிம்மதியாக நின்று கத்தரிக்காய் பொறுக்கவும் என்னால் முடியவில்லை.

செய்யும் வேலை இதுதான். நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும், அதாவது கலத்தையும், சுற்றி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்புகிற தலையும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற இரண்டு வால்களும் உண்டு. தண்ணீருக்குள் விட்டால் தலைகள் வெளியே பார்க்க, வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, தாமாகவே இரண்டு வரிசையாக நின்றுவிடும். ஒருவரும் மைக்கில் கத்தி வரிசைக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் நான் இந்த ஒழுங்கைக் கண்டதே கிடையாது.

அப்படிப்பட்ட கொழுப்பைக் கொண்டு நான் மிகச் சிறிய பைகள் செய்வேன். பைக்குள் ஒரு சாயத்தை நெருக்கி அடைப்பேன். நெருக்கத்தில் இருக்கும்வரை அந்தச் சாயம் ஒளிராது. பையில் ஓட்டை விழுந்து, சாயம் வெளியே கசிந்து தண்ணீரில் பரவினால் பச்சையாக ஒளிரும். பிறகு தங்கத்தைச் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத அளவுக்குச் சிறிய கம்பித் துண்டுகளாக வளர்த்து அந்தப் பைகளோடு கலந்து விடுவேன். தங்கம் பையின் தோலைத் தொட்டால் என்ன நடக்கிறது? ஒட்டுகிறதா, துளைக்கிறதா, சும்மா போகிறதா? எங்கள் கேள்வி இவ்வளவுதான். இதில் மருந்து இல்லை, நோயாளி இல்லை. கொழுப்புப் பைக்குப் புற்றுநோய் வருவதும் இல்லை.

ஒரு முறை பைகள் நன்றாகவே ஒளிர்ந்தன. தங்கம் தோலைத் துளைக்கிறது என்று என் பேராசிரியர் துள்ளினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டுமே. தன் பெயரை அச்சில் பார்க்கிற ஆசை ஒன்றைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசைகள் இல்லை. இன்னும் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன என்று நான் சொன்னேன். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவுக்கு ஃபோன் எடுத்தார். அவர்கள் வந்து என்னை ஒரு குழாயைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். நான் அந்தக் குழாயைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றார்கள். தங்கத் துகள்கள் கலத்தோலைத் துளைக்கின்றன, இது ஒரு நாள் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவக்கூடும் என்று எழுதினார்கள்.

அந்த 'ஒரு நாள்', அந்த 'உதவக்கூடும்' எல்லாம் நகர நடுவிலிருந்து ஸ்காபரோவுக்கு வரும் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டன. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்து சேர்ந்தபோது அது இப்படி இருந்தது: 'எமது கல்லூரியின் புதல்வி தங்கத்தால் புற்றுநோய்க்கு முடிவு கட்டினார்!' அதன் கீழே கும்பிட்ட கைகள், பூங்கொத்துகள், ஒரு சிங்கம். சிங்கம் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ரொறன்ரோவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. சில பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு இருக்கின்றன, முதலாவதில் சண்டை வந்ததால். எங்கள் சங்கத்தின் செயலாளர்தான் அந்தச் செய்தியை எழுதியவர். பகலில் ஏதோ காப்புறுதி வேலை. மற்ற நேரமெல்லாம் ஆருக்காவது பொன்னாடை போர்த்துகிற வேலை. போர்த்த ஆள் கிடைக்காவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று நான் நினைப்பதுண்டு. அவருடைய மனைவி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். கனடா வந்த பிறகு கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும்தான் கண்டுகொள்வோம்.

செயலாளர் என்னை ஃபோனில் பிடித்தார்.

"தங்கச்சி, இந்த முறை ஒன்றுகூடலிலை உங்களுக்குத்தான் கௌரவிப்பு. கொமிற்றி ஒருமனதா எடுத்த முடிவு."

"அண்ணை, நான் ஒரு மருந்தும் கண்டுபிடிக்கேல்லை. அது கொழுப்புப் பையிலை செய்த ஒரு சின்னச் சோதனை. அதுவும் இன்னும் முடியேல்லை."

"பாத்தீங்களே, பாத்தீங்களே! பெரியாக்களின்ர குணம் உதுதான்."

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒருவரைக் கௌரவிக்கப் போகிறோம் என்றால் அவர் முதலில் மறுக்க வேண்டும். அது மரியாதை. மறுக்காமல் ஓம் என்று சொன்னால் 'உவருக்கு வலு விருப்பம்' என்று சனம் கதைக்கும். எங்கள் சங்கத் தலைவர் ஒவ்வொரு வருடமும் தனக்குப் பேசத் தெரியாது என்று மறுத்து மறுத்து மேடையேறுவார், ஏறிய பிறகு ஒலிவாங்கியை அவரிடமிருந்து பிடுங்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே நான் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அது ஓம் என்றுதான் அவர் காதில் ஏறியது. எவ்வளவு உரத்து மறுத்தேனோ அவ்வளவு பெரிய ஆள் ஆகிக்கொண்டு போனேன். உண்மையை மரியாதையாகக் கேட்டு அழித்துவிடுகிற கெட்டித்தனம் உலகத்தில் வேறு ஆருக்கும் உண்டோ தெரியாது.

ஃபோனை வைக்கப் போகும்போது அவருடைய குரல் இறங்கியது.

"தங்கச்சி, வேற ஒரு கதை. உங்கட சிநேகிதிக்கு மார்பிலை கட்டி வந்து வெட்டினது தெரியுந்தானே? இப்ப கீமோ தொடங்கச் சொல்லி டொக்டர் நிக்கிறார். இவ மாட்டன் எண்டு நிக்கிறா. உங்கட தங்க மருந்து வருமட்டும் பொறுக்கலாமாம். எனக்கும் அது சரியெண்டுதான் படுது. நஞ்சை ஏத்துறதிலும் பாக்கத் தங்கம் நல்லதுதானே?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. வெட்டிய பிறகு மிஞ்சியிருக்கக்கூடியதை அழிக்கத்தான் கீமோ, தள்ளிப் போடப் போடத்தான் ஆபத்து என்று நான் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு, பொன்னாடை என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை பிக்கரிங்கில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். புது வீடு. வாசலில் சப்பாத்துகள் கடை மாதிரி அடுக்கியிருந்தன. வரவேற்பறைச் சுவரில் நான் குழாயைப் பார்த்துச் சிரிக்கும் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. பக்கத்தில் முருகன். முருகன் என்னைவிடக் கொஞ்சம் சிறியவராக இருந்தார்.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை இறுகப் பின்னியிருந்தாள். நான் அவளை முன்னே இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்புத் தோல், பை, சாயம், பச்சை ஒளி. நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று தங்கத்துக்குத் தெரியாது என்றேன். இது மருந்தாக வந்தாலும் எங்கள் காலத்தில் வராது, நீ இப்போதே கீமோவுக்குப் போக வேண்டும் என்றேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடைக்கிடை தலையாட்டிக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு தன்னடக்கம், பாத்தியே?" என்றார் செயலாளர் அவளைப் பார்த்து.

"ஓமெடி," என்றாள் அவள் என்னிடம். "நீ அவசரப்படாமல் செய். நான் பொறுப்பன்."

எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. அவருக்குப் புத்தி இல்லை, அது பழைய செய்தி. ஆனால் இவள் வகுப்பில் என்னிலும் கெட்டிக்காரி. கணக்கில் நான் முட்டுப்பட்டு நிற்கும்போது பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்து, பிழை எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டுகிறவள். இத்தனை வருடக் கனடா வாழ்க்கையில் அந்த மூளையை எந்தக் கடையில் கொடுத்துத் தள்ளுபடி வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன். வீடு போய்ச் சேரும்வரை என் வாய் ஓயவில்லை. காருக்குள் வேறு ஒருவரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்த ஆத்திரத்தோடுதான் திங்கட்கிழமை பாக்கிச் சோதனையைச் செய்தேன். தங்கக் கம்பிகளை வளர்க்க ஒரு வகைச் சவுக்காரம், சோப்பு மாதிரி ஒன்று, வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பிகள் வளரா. வளர்ந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் போய்க் குந்திவிடும். வளர்த்த பிறகு அவற்றை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் இறங்கும் தங்கத்தை வைத்துக்கொண்டு மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவ வேண்டும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் சவுக்காரம் மிஞ்சும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கேள்விதான். பையைத் துளைத்தது தங்கமா, தங்கத்தோடு வந்த தண்ணீரா?

துகள்களைக் கடைசியாக ஒரு முறை சுழற்றி அடியில் இறக்கிவிட்டு, மேலே நின்ற தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்தேன். அதில் தங்கம் இல்லை. அந்தத் தண்ணீரைப் பைகளின் மேல் விட்டேன். பைகள் எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன, முன்பு எப்படி ஒளிர்ந்தனவோ அப்படியே. பிறகு மிஞ்சிய சவுக்காரத்தை நீக்கி, துகள்கள் கட்டிபடாமல் இருக்க வேறு ஒரு பூச்சுப் பூசி, சுத்தமான தங்கத்தைப் பைகளோடு விட்டேன். ஒளி இல்லை. தங்கம் போய்ப் பைகளின் தோலில் ஒட்டிக்கொண்டு, கலியாண வீட்டில் முன்வரிசையில் நகையோடு வந்து குந்தியிருக்கும் மாமி மாதிரிச் சும்மா இருந்தது.

வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுவாரசியமாக இருக்கிறது என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்னால் ஒரு காரியத்துக்குச் சங்கு ஊதியாயிற்று என்று பொருள். கட்டுரையின் கடைசியில், ஒருவரும் திறந்து பார்க்காத பின்னிணைப்பில் இதைப் போட்டுவிடலாம் என்றார். செய்திப் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள், தலைமை அலுவலகம் சந்தோஷமாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் அந்த இடத்திலேயே கணினியைத் திறந்து எடுத்தார். இத்தனை வருடம் அந்த நிலக்கீழ் அறையில் கிடந்த எனக்கு, கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம் என்று பட்டது. வலித்தது.

செயலாளருக்கு ஃபோன் எடுத்துத் தங்கம் இல்லை, சவுக்காரம்தான் என்று சொன்னேன்.

"இதை மேடையிலை சொல்லுங்கோ தங்கச்சி," என்றார். "விஞ்ஞானம் சனத்துக்கும் போய்ச் சேரத்தானே வேணும்."

அவர் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மேடை என்றதும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அவளும் வருவாள். முழுச் சனத்துக்கும் முன்னால், நல்ல தமிழில், ஆரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள முடியாத மாதிரி உடைத்துச் சொல்லிவிட்டால், அவள் காத்திருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் ஓம் என்றேன். என்னை ஒரு மண்டபத்துக்குப் போக வைக்க வேறு எதனாலும் முடிந்திருக்காது.

ஒன்றுகூடல் ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஆறு மணிக்கு மண்டபத்தில் இருந்தது நானும் கதிரைகளுக்கு உறை போடுகிறவரும்தான். சனம் வந்து சேரச் சேர ரோல்ஸ் தட்டுகளும் வந்தன. குத்துவிளக்கின் ஒவ்வொரு திரியையும் ஆர் கொளுத்துவது என்பதில் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்து, திரி குறைவாக இருந்ததால் ஒரு முன்னாள் தலைவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், ரோல்ஸ் ஆறும் என்பதால் திரும்பி வந்தார். கனடாக் கீதம், தமிழ் வாழ்த்து, கல்லூரிக் கீதம், அகவணக்கம். ஓர் அரசியல்வாதி வந்து 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைச் சொன்னார். அதற்குச் சனம் தட்டிய கை, தாய் மொழியை நாள் முழுக்கப் பேசுகிற எங்கள் எவருக்கும் கிடைத்ததில்லை. அவர் படம் எடுத்துக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குப் போனார்.

என் முறை வந்தது. எழுதி வைத்ததை எடுக்கவில்லை. முன் மேசையில் அவள் இருந்தாள், ஊதா நிறச் சேலையில். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கேல்லை. என்ர லேப்பிலை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. தங்கம் ஒண்டையும் துளைக்கேல்லை. தங்கத்தோடை மிஞ்சிக் கிடந்த சவுக்காரம்தான் துளைச்சது. நீங்கள் சட்டி கழுவேக்கை சவுக்காரம் எண்ணெயைக் கரைக்குதே, அப்பிடித்தான் இதுவும் கொழுப்பைக் கரைச்சது. அது நல்ல கலம், கூடாத கலம் எண்டு பாக்காது. உடம்புக்குள்ளை விட்டா ஆள் முடிஞ்சுது. உந்தத் தங்கத்தை நம்பி ஆராவது வைத்தியத்தைத் தள்ளிப் போட்டிருந்தா, அது விசர் வேலை. திங்கக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. இவ்வளவுதான்."

மண்டபம் அமைதியாக இருந்தது. அப்பாடா, விளங்கிவிட்டது என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சு விடுவதற்குள் கைதட்டல் தொடங்கியது. பின்வரிசையில் சிலர் எழும்பினார்கள். பிறகு எல்லாரும் எழும்பினார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒலிவாங்கியைப் பறித்து, "தன்ர தங்கத்தையே சவுக்காரம் எண்டு சொல்லுற தங்க மனசு!" என்று முழங்கினார். செயலாளர் கண் கலங்கப் பொன்னாடையைப் போர்த்தினார். அரக்கு நிறம். மேடையை விட்டு இறங்கும்போது ஓர் அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சவுக்காரம் எந்தக் கடையில் எடுக்கலாம் என்று காதோடு கேட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். இந்தச் சனத்துக்கு உண்மையைச் சொல்வதும் ஒன்று, வாழ்த்துப் பாடுவதும் ஒன்று என்று அப்போது முடிவு செய்தேன். அந்த முடிவை இன்னும் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

முன் மேசையில் அவள் இல்லை. அவள் மட்டும் கை தட்டவில்லை, எழும்பிப் பின்பக்கமாகப் போனதை மேடையிலிருந்து கண்டிருந்தேன். பெண்கள் கழிப்பறையில் கண்ணாடிக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"எடி, நீ அதிலை நிண்டு ஆருக்குச் சொன்னனி?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான். வேற ஆருக்கு?"

"எனக்குத் தெரியும்."

"தெரியுமெண்டா திங்கக்கிழமை போ."

"அதில்லை. உன்ர தங்கம் மருந்தில்லை எண்டது எனக்கு முதலே தெரியும். உன்ர படம் வந்த அண்டைக்கே முழுக்க வாசிச்சனான். பை எண்டு இருக்கு, சாயம் எண்டு இருக்கு. மனுசர் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"பின்னை ஏனடி பொறுப்பன் பொறுப்பன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனி?"

அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "என்ர அக்காவை மகரகம கான்சர் ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாத்தது நான்தானே. சத்தி எடுக்கேக்கை தலையைப் பிடிச்சது நான். தலையணையிலை கிடந்த முடியைப் பொறுக்கினது நான். எனக்குப் பயமெடி. பயமா இருக்கு, மாட்டன் எண்டு சொன்னா இவர் அழுவார். பிள்ளையள் அழும். ஊரிலை இருந்து ஃபோன் எடுத்து அழுவினம். தங்க மருந்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு சொன்னன். ஒருத்தரும் கரைச்சல் தரேல்லை. எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிச்சினம். அதுக்குப் பிறகுதான் நான் கொஞ்சம் நித்திரை கொண்டனான். இப்ப நீ வந்து அதையும் எடுத்துப் போட்டாய்."

அந்த மண்டபம் முழுவதிலும் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் எல்லாரிலும் பெரிய மடைச்சி என்று நினைத்து, பிக்கரிங்கிலிருந்து வீடு வரைக்கும் காருக்குள் திட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு ஓர் அன்ரி வந்தா. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "பேச்சு நல்லாயிருந்தது பிள்ளை, கனக்க விளங்கிச்சுது" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனா.

"சவுக்காரம் நல்லது கூடாது பாக்காது எண்டனி," என்றாள் அவள். "கீமோவும் உப்பிடித்தானே?"

"ஓம். கெதியாப் பெருகிற கலத்தைத்தான் கூட அடிக்கும். ஆனா அதிலை நல்லதும் போகும்."

"முடி?"

"உனக்குச் சொன்ன மருந்தெண்டா அனேகமாக் கொட்டும்."

"சத்தி?"

"வரும். இப்ப அதுக்கு நல்ல குளிசை இருக்கு. எண்டாலும் கொஞ்சம் வரும்."

"செய்யாமல் விட்டா?"

"கட்டி திரும்பி வரலாம். வந்தா இந்த முறை மாதிரி வெட்டி எடுத்துப்போட்டு இருக்கேலாது."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே நடனத்துக்குப் பாட்டுப் போட்டார்கள், சுவர் அதிர்ந்தது.

"இவ்வளவு நாளும் எல்லாரும் எனக்கு ஒண்டும் ஆகாது, ஒண்டும் ஆகாது எண்டுதான் சொன்னவை," என்றாள். "திங்கக்கிழமை ஃபோன் எடுத்து நாள் கேக்கிறன். ஆனா இவர் வரக் கூடாது. இவர் வந்தா இவர் அழுவார். பிள்ளையள் வந்தா நான் அழுவன். நீ வா."

"நான் ஏனடி?"

"உன்ர முகத்திலை ஒருத்தரிலையும் ஒரு இரக்கமும் இல்லை. எனக்கு இப்ப அதுதான் வேணும்."

பட்டுச் சேலை கட்டி, பொன்னாடை போர்த்து, கையில் என் பெயர் பொறித்த கண்ணாடிக் கேடயத்தோடு நின்று நான் அதைக் கேட்டேன். இதைவிட அந்தக் கேடயத்தால் அவள் எனக்கு அடித்திருக்கலாம். ஆனால் அவள் திட்டவில்லை. கடையில் சாமான் கேட்பது போலச் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஓம் என்றேன்.

அவள் சொன்னபடியே ஃபோன் எடுத்து நாள் கேட்டாள். கீமோ நாளில் செயலாளர்தான் எங்கள் இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கினார். மேலே வரக் கூடாது என்று அவள் கட்டளை. வாகனத் தரிப்பிடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் காரின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவளுக்குச் சொல்லவில்லை. அவரைப் பற்றி வழக்கமாக நினைப்பதை நினைக்கவும் அன்று எனக்கு மனம் வரவில்லை.

மேலே சாய்வு நாற்காலிகள், நாற்காலிக்குப் பக்கத்தில் மருந்துப் பைகள் தொங்கும் கம்பிகள். சுவரில் ஒரு தொலைக்காட்சி. அதில் யாரோ இருவர் ஒரு நல்ல சமையலறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளுக்கு இதைப் போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்த மூளை எந்த மூளை என்று நான் முணுமுணுத்தேன். அவள் சிரித்தாள். தாதி வந்து பெயரையும் பிறந்த நாளையும் கேட்டு, மருந்தில் ஒட்டியிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்னொரு தாதியையும் கூப்பிட்டு மறுபடி ஒப்பிட்டாள். இப்படி ஒழுங்காகச் சரிபார்க்கிறவர்களை என் வேலையிடத்தில் கண்டு நீண்ட காலம்.

மருந்து சிவப்பாக இருந்தது. தாதி பக்கத்தில் இருந்து ஊசியால் மெல்ல மெல்ல அதைக் குழாய்க்குள் ஏற்றினாள். என் சிநேகிதி மருந்தைப் பார்க்கவில்லை, தன் கையையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பு அவளுடைய கைக்குள் இறங்கி முடியும்வரை, அவள் கேட்ட முகத்தை அப்படியே வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.